கடலோடிகளுக்குரிய எச்சரிக்கைச் செய்திகள்

நிலத்திலே ஒரு பாலம் இடிந்து வீழ்ந்தால், அதன் இருபுறத்தும் ஒவ்வொரு கம்பை நட்டு, அதிற் சிவப்புத் துணியைக் கட்டிவைத்தால் வழிப்போக்கர் யாவரும் அறிந்துகொள்வர். இரவாயின் ஒரு விளக்கைத் தொங்கவிடுவர். கடலின் நிலை அத்தகையதன்று. ஒரு கப்பல் மூழ்கி, அதன் மேற்பகுதி நீர்மட்டத்துக்குச் சில அடி கீழே நின்றுவிட்டால், மேலோடும் அலை அதனை முற்றிலும் மறைத்துவிடுகின்றது. உடனே அவ்விடத்திற் கம்பு நடுவாரும் இல்லை. காவல் நிற்பாரும் இல்லை. தொலைவிலிருந்து அவ்வழியே வந்துகொண்டிருக்கும் மற்றொரு கப்பலின் தலைவர் அதனை எங்ஙனம் அறிவார்? இவ்வொரு வினாவுக்கு விடை காணும்பொருட்டு உலக நாடுகள் பலவுங் கூடி அமைத்துள்ள ஏற்பாட்டினைப்பற்றியே ஈண்டுச் சிறிது எழுதப் புகுந்தோம்.

கப்பற்றலைவர் கையிலே கடற்படம் உண்டு. கரையின் வளைவும், நீரின் ஆழமும், பாறையும், மணற்றிட்டும், கலங்கரை விளக்கமும், மிதவையும் அதிற் குறிக்கப்பட்டிருக்கும். ஆயினும் கடற்படம், அது கடைசியாகத் திருத்தப்பட்ட நாளின் நிலையைக் காட்டுவதேயன்றி இன்றைய நிலையைக் காட்டுவதன்று. நேற்றிரவு ஒரு கலங்கரை விளக்கம் அணைந்திருக்கலாம். புயலில் ஒரு மிதவை சங்கிலியறுந்து இடம் பெயர்ந்திருக்கலாம். எண்ணெய்க் கிணறு தோண்டும் பெருமேடையொன்று வேறிடத்துக்கு இழுத்துச் செல்லப்பட்டுக்கொண்டிருக்கலாம். கடலடியிற் கம்பி பதிக்குங் கப்பல் தன் வழியினின்று விலக இயலாதிருக்கலாம். கடற்படையார் பீரங்கிப் பயிற்சி நடத்தலாம். இத்தகைய மாறுதல்களுள் நிலையானவற்றைத் தொகுத்து வாரந்தோறும் அச்சிட்டு வெளியிடும் வழக்கம் நெடுநாளாக உண்டு. ஆனால் ஒரு வாரங் கழித்துக் கிடைக்கும் அறிவிப்பு, இன்றிரவே அவ்விடத்தை நெருங்குபவர்க்கு யாது பயன் தரும்? உடனே சொல்லவேண்டுவதை உடனே சொல்லுதற்குக் கம்பியில்லாத் தந்தி தோன்றிய பின்னரே வழி பிறந்தது.

ஆயின், கருவி தோன்றிய மாத்திரத்தாற் காப்புத் தோன்றிவிடவில்லை. 1912-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதம் 14-ஆம் தேதி இரவில் ‘டைட்டானிக்’ என்னும் பெருங்கப்பலுக்கு நேர்ந்த அழிவே இதற்குத் தக்க சான்றாகும். அவ்வரலாற்றைக் கேளாதார் இலர். எனினும், அக்கப்பலுக்கு எச்சரிக்கை கிடைக்கவேயில்லை என்று எவரேனும் எண்ணியிருப்பின் அது பிழை. முன்னே பனிக்கட்டி மலைகள் மிதக்கின்றன என்னுஞ் செய்திகள் அன்று பகலிலேயே பிற கப்பல்களிலிருந்து வந்துகொண்டிருந்தன. ‘பால்டிக்’ என்னுங் கப்பல் அனுப்பிய செய்தியைத் தலைவர், உடன் பிரயாணஞ்செய்த கம்பெனி முதல்வரிடம் கொடுக்க, அவர் அதனைத் தம் சட்டைப்பையில் இட்டுக்கொண்டார். மாலையிலேதான் அது திரும்பி வந்தது. இரவு 9.40 மணியளவில் ‘மெஸாபா’ என்னுங் கப்பல், பனிக்கட்டி எவ்வெல்லைக்குள் நிறைந்திருக்கின்றது என்பதனை அட்சரேகை தீர்க்கரேகைகளோடு தெரிவித்தது. ‘டைட்டானிக்’ சென்ற வழி அவ்வெல்லைக்குள்ளேயே இருந்தது. அச்செய்தியோ கப்பலைச் செலுத்தும் மேடையை எட்டவேயில்லை. தந்தியாளர் அப்பொழுது பிரயாணிகளின் சொந்தத் தந்திகளைக் கரைக்கு அனுப்பும் வேலையில் ஈடுபட்டிருந்தார்.

இரவு 11 மணியளவில், பனிக்கட்டியால் வழியடைபட்டு அருகே நின்றுகொண்டிருந்த ‘கலிபோர்னியன்’ என்னுங் கப்பலின் தந்தியாளர் தம் நிலையை ‘டைட்டானிக்’ கப்பலுக்குத் தெரிவிக்க முயன்றார். வேலைக்கு இடையூறு செய்யவேண்டாம் என்னும் விடையே அவருக்குக் கிடைத்தது. அவர் சிறிது நேரங் கழித்துத் தம் கருவியை நிறுத்திவிட்டு உறங்கச் சென்றார். 11.40 மணிக்கு ‘டைட்டானிக்’ பனிமலையில் மோதிற்று, பின்னிரவு 2.20 மணிக்கு மூழ்கிற்று. ஏறக்குறைய 1500 பேர் மாண்டனர். செய்தி இருந்தது, அதனைக் கொண்டுசெல்லுங் கருவியும் இருந்தது. ஆனால் எச்செய்தி மற்றெல்லாவற்றுக்கும் முற்படவேண்டும், அஃது யாரிடஞ் சேர்க்கப்படவேண்டும், எந்நேரமும் விழித்திருந்து கேட்கவேண்டியவர் யாவர் என்னும் ஒழுங்கு மாத்திரம் இல்லை.

இவ்வழிவின் பயனாக 1914-ஆம் ஆண்டு ஜனவரி மாதத்தில் லண்டன் மாநகரிற் கூடிய நாடுகள், கடலில் உயிர்ப் பாதுகாப்பைப்பற்றிய முதல் உடன்படிக்கையிற் கையொப்பமிட்டன. வட அட்லாண்டிக் சமுத்திரத்திற் பனிமலைகளைப் பார்த்து அறிவிக்குங் காவலும் ஏற்பட்டது. முதல் உலகப் போர் மூண்டமையால் அவ்வுடன்படிக்கை அப்பொழுது நடைமுறைக்கு வரவில்லை. 1929, 1948, 1960, 1974 ஆகிய ஆண்டுகளில் அது புதுக்கப்பெற்றது. 1974-ஆம் ஆண்டின் உடன்படிக்கையே பல திருத்தங்களுடன் இன்றும் ஆட்சியிலிருக்கின்றது.

அதன் ஐந்தாம் அதிகாரத்திற் காணப்படுங் கடமைகள் இரண்டினை நாம் ஈண்டு நினைவிற் கொள்ளுதல் வேண்டும். முதலாவது, கப்பற்றலைவர்க்கு உரியது. அபாயமான பனிக்கட்டியையோ, கைவிடப்பட்டு மிதக்குங் கலத்தையோ, வெப்ப மண்டலப் புயலையோ, முன்னறிவிப்பின்றி வீசும் கடும் புயற்காற்றையோ எதிர்ப்பட்ட தலைவர், அருகிலுள்ள கப்பல்களுக்கும் கரையிலுள்ள அதிகாரிகளுக்கும் அதனைத் தெரிவித்தே தீரவேண்டும். அச்செய்திக்குக் கப்பலினின்று கட்டணம் வாங்குதல் கூடாது. இரண்டாவது, அரசாங்கங்களுக்கு உரியது. நம்பத்தக்க எவ்விடத்தினின்று அபாயச் செய்தி கிடைப்பினும், அதனை உரியவர்க்கு விரைவில் அறிவித்தல் அவற்றின் பொறுப்பாகும். கண்டவர் சொல்லவேண்டும், கேட்டவர் பரப்பவேண்டும் என்பதே இவ்விரண்டன் சாரம்.

‘பரப்பவேண்டும்’ என்று விதித்தவளவில் எல்லாம் முடிந்துவிடுமோ? சமுத்திரம் எந்த ஒரு நாட்டுக்கும் உரியதன்று. ஒவ்வொரு நாடும் தனக்குத் தோன்றிய நேரத்தில், தனக்குத் தோன்றிய முறையில் ஒலிபரப்பினால், ஓரிடத்து அபாயத்தை மூவர் மூன்று விதமாகச் சொல்வர். மற்றோரிடத்து அபாயத்தை, அடுத்தவர் சொல்லியிருப்பார் என்று ஒவ்வொருவரும் எண்ணி, ஒருவருமே சொல்லார். பலர்க்கும் பொதுவான பொறுப்பு ஒருவர்க்கும் உரியதாகாது போதல் உலகியல்பன்றோ? இக்குறையை நீக்கும்பொருட்டே, சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் என்று இன்று வழங்கும் லண்டன் ஸ்தாபனமும், மொனாக்கோவிலுள்ள சர்வதேச நீரளவை ஸ்தாபனமும் 1977-ஆம் ஆண்டில் உலகக் கடற்பயண எச்சரிக்கைச் சேவை என்னும் ஏற்பாட்டை நிறுவின. புயலும் காற்றும் பற்றிய எச்சரிக்கைகளுக்கு, ஜெனீவாவிலுள்ள உலக வானிலை ஸ்தாபனம் இதனையொத்த முறையை வகுத்துள்ளது.

இச்சேவையின் அடிப்படை மிக எளியது. உலகத்துக் கடற்பரப்பு முழுவதையும் பிரிவுகளாகப் பகுத்து, ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு நாட்டையே பொறுப்பாளியாக்குதலே அது. இப்பிரிவுக்கு ‘நாவேரியா’ என்று பெயர். முதலில் 16 பிரிவுகள் இருந்தன. வட துருவக் கடலில் பனி உருகிக் கப்பற் போக்குவரவு மிகுந்தமையால், அங்கே புதிதாக அமைக்கப்பெற்ற 5 பிரிவுகள் 2011-ஆம் ஆண்டில் முழுமையாகச் செயற்படத் தொடங்கின. ஆகவே இப்பொழுதுள்ளவை 21. முதற் பிரிவு பிரிட்டனுக்கும், இரண்டாவது பிரான்சுக்கும், மத்தியதரைக் கடலும் கருங்கடலும் அடங்கிய மூன்றாவது ஸ்பெயினுக்கும் உரியன. நான்காவதும் பன்னிரண்டாவதும் அமெரிக்க ஐக்கிய நாட்டின் பொறுப்பு. பிரேஸில், அர்ஜென்டினா, தென்னாப்பிரிக்கா, பாகிஸ்தான், ஆஸ்திரேலியா, ஜப்பான், ருஷியா, நியூஸிலாந்து, சிலி, பெரு, கனடா, நார்வே என்னும் நாடுகள் ஏனையவற்றைப் பகிர்ந்துகொண்டுள்ளன. வங்காள விரிகுடாவும், இலங்கையையும் மாலத்தீவையும் சூழ்ந்த கடலும் அடங்கிய எட்டாம் பிரிவு இந்தியாவின் பொறுப்பாகும். அதற்குரிய இணைப்பதிகாரி இந்திய அரசாங்கத்தின் தலைமை நீரளவை அதிகாரி. அவரது அலுவலகம், அலையோசை எட்டாத இமயமலை அடிவாரத்து டேராடூன் நகரிலே இருக்கின்றது என்பது நம் மாணவர்க்கு வியப்பாயிருக்கலாம். கடலைக் காப்பதற்குக் கடற்கரையில் இருத்தல் வேண்டுவதில்லை. செய்தி வந்து சேர்வதும், புறப்பட்டுச் செல்வதும் தடையின்றி நிகழ்ந்தாற் போதும்.

இப்பிரிவுகளின் எல்லைகள் நாடுகளின் கடலெல்லைகளைக் குறிப்பனவல்ல என்பது இவ்வேற்பாட்டின் உறுதியான விதி. ஒரு நாடு ஒரு பிரிவுக்குப் பொறுப்பேற்பதனால் அக்கடல் அதற்குச் சொந்தமாகிவிடாது. ஏற்றது ஊழியமேயன்றி உரிமையன்று. அடுத்த பிரிவின் எல்லையருகே அபாயம் தோன்றின், அப்பிரிவின் இணைப்பதிகாரிக்கும் அதனை அறிவித்தல் கடமையாகும். எட்டாம் பிரிவை அடுத்த ஒன்பதாம் பிரிவுக்குப் பாகிஸ்தான் பொறுப்பாளி. நிலத்தில் அரசியற் பிணக்கு எவ்வளவிருப்பினும், மிதந்து செல்லும் ஒரு கலம் எல்லைக்கோட்டைக் கண்டு நின்றுவிடுவதில்லை. ஆதலின் அதனைப்பற்றிய செய்தியும் நின்றுவிடலாகாது.

எச்சரிக்கைகளை அவை சேரவேண்டிய பரப்பை நோக்கி நான்காக வகுப்பர். நெடுங்கடலிற் செல்லும் கப்பல்கள் அறியவேண்டுவன பிரிவு எச்சரிக்கைகள். ஒரு பிரிவினுள்ளே தனியாக வகுக்கப்பட்ட சிறு கடலுக்குரியன உட்பிரிவு எச்சரிக்கைகள். முதற் பிரிவினுள் அடங்கிய பால்டிக் கடலை ஸ்வீடன் கவனித்துவருதல் இதற்கு உதாரணம். கரையோரமாகச் செல்வோர்க்குரியன கரையோர எச்சரிக்கைகள். துறைமுகத்தின் உள்ளும் வாயிலிலும் மாத்திரம் பயன்படுவன உள்ளூர் எச்சரிக்கைகள். ஒரு சிறு துறைமுகத்தில் விளக்கொன்று அணைந்ததைச் சமுத்திரத்தின் நடுவே செல்பவர்க்குச் சொல்லுதல் வீண். சொல்லுதல் வீண் என்பதோடு, தீங்குமாம். அஃது எவ்வாறென்பதைப் பின்னர்க் காண்போம்.

இணைப்பதிகாரியின் தொழில் வந்த செய்தியை அப்படியே பரப்புதலன்று. மிதவை காணப்படவில்லை என்று ஒரு மீகாமன் தெரிவித்தால், அது மெய்யோ, பார்த்த இடந்தான் சரியோ, முன்னரே அறிவிக்கப்பட்டதோ என்று ஆராய்தல் வேண்டும். பின்னர், அதனை அறியவேண்டியவர் யாவர், எத்துணை விரைவில் அறியவேண்டும் என்று துணிதல் வேண்டும். உயிருக்கு உடனே ஊறு விளைக்கக்கூடியதாயின் குறித்த வேளை வரும்வரை காத்திராமல் அப்பொழுதே ஒலிபரப்பவேண்டும். 2022-ஆம் ஆண்டில் உக்ரேன் நாட்டுப் போரினிடையே கருங்கடலில் வெடிகண்ணிகள் மிதந்து வந்தபோது, மூன்றாம் பிரிவின் இணைப்பதிகாரியான ஸ்பெயின் அவற்றைப்பற்றி எச்சரிக்கைகள் விடுத்தது. நம் நாட்டின் ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து ராக்கெட்டுகள் ஏவப்படும்போதும், அவற்றின் கழிந்த பகுதிகள் வீழக்கூடிய கடற்பரப்பு இன்னதென்று முன்னதாகவே எச்சரிக்கை விடுக்கப்படுகின்றது.

செய்தியின் நடையும் வரையறைப்பட்டது. அதில் அலங்காரத்துக்கு இடமில்லை. எந்தப் பிரிவின் செய்தி, அவ்வாண்டில் எத்தனையாவது எண் பெற்றது, எக்கடல், எவ்விடம், எந்தக் கடற்படம், அபாயம் யாது, அதன் அட்சரேகை தீர்க்கரேகை யாவை, கப்பல்கள் செய்யவேண்டுவது யாது, அச்செய்தி எப்பொழுது நீக்கப்படும் என்பவை ஒழுங்காக வரும். சர்வதேச ஒலிபரப்பிற்குரிய மொழி ஆங்கிலம். எண்ணிடுதல் சிறு காரியம்போலத் தோன்றினும் அதன் பயன் பெரிது. 41-க்குப்பின் 43 வருமாயின், 42 தம்மிடஞ் சேரவில்லை என்பதைக் கப்பலதிகாரி அப்பொழுதே அறிந்து தேடிக்கொள்ளலாம். விடுபட்டது இன்னதென்று அறியாதவரும், விடுபட்டது உண்டு என்று அறிதற்கு இவ்வெண்ணே உதவுகின்றது.

இனி, செய்தி செல்லும் வழிகளைக் காண்போம். கரையோரத்துக்கு ‘நாவ்டெக்ஸ்’ என்னும் வானொலி முறை பயன்படுகின்றது. இஃது 518 கிலோஹெர்ட்ஸ் என்னும் ஒரே அலைவரிசையில் இயங்குவது. கரையினின்று ஏறக்குறைய 250 முதல் 400 கடல் மைல் வரை எட்டுவது. உலகத்து நிலையங்கள் பலவும் ஒரே அலைவரிசையிற் பேசினால் ஒன்றன் குரலை ஒன்று அழித்துவிடாதோ என்று பௌதிக சாஸ்திரம் பயிலும் மாணவர் வினவுவர். அதற்கொரு கணக்கு உண்டு. ஒவ்வொரு பிரிவிலும் நிலையங்களுக்கு ஆங்கில எழுத்துக்களுள் ‘ஏ’ முதல் ‘எக்ஸ்’ வரையுள்ள 24 எழுத்துக்கள் பெயராக வழங்கப்படும். ஒவ்வொன்றுக்கும் 10 நிமிஷம். ஆக 240 நிமிஷத்தில், அதாவது 4 மணி நேரத்தில், முறை ஒரு சுற்றுச் சுற்றி முதலிடத்துக்கு வந்துவிடும். வயற்பாசனத்தில் முறைவைத்து நீர் பாய்ச்சுவதைப் போன்றதே இது. ஒருவர் தம் பத்து நிமிஷத்தைக் கடந்து பேசினால் அடுத்தவர் செய்தி கெடும். ஆதலின் சுருங்கச் சொல்லுதல் இங்கே அயலார்க்குச் செய்யும் உதவியாகின்றது.

கப்பலிலுள்ள நாவ்டெக்ஸ் கருவி, எவரும் அருகில் இல்லாதபோதும் தானே செய்தியைப் பெற்றுக் காகிதத்தில் அச்சிடும். இக்காலத்திற் கண்ணாடித் திரையிலுங் காட்டும். ஒருமுறை சரியாகப் பெற்ற செய்தியை மீண்டும் அச்சிடாது. தமக்கு வேண்டாத வகைகளை அதிகாரி விலக்கி வைக்கலாம். ஆனால் கடற்பயண எச்சரிக்கை, வானிலை எச்சரிக்கை, உயிர் மீட்பும் கடற்கொள்ளையும் பற்றிய செய்தி என்னும் வகைகளை விலக்கிவைக்க அக்கருவி இடங்கொடாது. ‘மெஸாபா’வின் செய்தி தந்தியாளரின் மேசையிலேயே தங்கிவிட்டதற்கு இதுவே பின்னாளில் நேர்ந்த பரிகாரம். 1993-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் முதல் உடன்படிக்கைக்குட்பட்ட கப்பல்களில் இக்கருவி கட்டாயமாயிற்று. நம் நாட்டுக் கரையிலும் தீவுகளிலும் கலங்கரை விளக்கத் துறையார் ஏழு நிலையங்களைத் தொடராக அமைத்துள்ளனர். வேராவல், வெங்குர்லா, முட்டம், பரங்கிப்பேட்டை, வாகலப்பூடி, பாலாசோர், கீட்டிங் முனை என்பன அவை. இவற்றுள் முட்டமும் பரங்கிப்பேட்டையும் தமிழ்நாட்டில் உள்ளன. அவ்வூர்க் கரையில் உலாவுவோர் தலைக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல் இச்செய்திகள் நாள்தோறும் கடலை நோக்கிச் செல்லுகின்றன.

நாவ்டெக்ஸ் எட்டாத நெடுங்கடலுக்குச் செயற்கைத் துணைக்கோள்களே துணை. 1979-ஆம் ஆண்டில் நாடுகள் பல கூடி நிறுவிய ‘இன்மார்ஸாட்’ இதில் முன்னோடி. பூமத்திய ரேகைக்கு நேர்மேலே 35,786 கிலோமீட்டர் உயரத்தில், பூமியின் சுழற்சியோடு ஒத்துச் சுற்றும் அதன் கோள்கள், கீழிருந்து நோக்குவார்க்கு ஓரிடத்தே நிலைத்து நிற்பனபோலத் தோன்றும். ‘ஸேப்டிநெட்’ எனப்படும் அதன் எச்சரிக்கை முறையின் சிறப்பு யாதெனின், செய்தியைக் கப்பலின் பெயருக்கு அனுப்பாமல் இடத்தின் பெயருக்கு அனுப்பலாம் என்பதே. ஒரு வட்டத்தையோ, நாற்கோணத்தையோ, ஒரு பிரிவு முழுவதையுமோ குறித்து அனுப்பினால், அவ்வெல்லைக்குள் அப்பொழுதிருக்குங் கப்பல்களின் கருவிகள் தாமே அதனை ஏற்றுக்கொள்ளும். அங்கே யார் இருக்கின்றனர் என்பதை அனுப்புவோர் அறிந்திருத்தல் வேண்டுவதில்லை. ஆனால் நிலைத்து நிற்கும் அக்கோள்கள் துருவங்களுக்கு அருகிலுள்ளார்க்கு அடிவானத்தின் கீழ் மறைந்துவிடும். துருவங்களின் வழியே சுற்றிவரும் 66 கோள்களை 780 கிலோமீட்டர் உயரத்திற் கொண்ட ‘இரிடியம்’ என்னும் அமைப்பை 2018-ஆம் ஆண்டிற் சர்வதேசக் கடல்சார் ஸ்தாபனம் அங்கீகரித்தமையால் அக்குறையும் நீங்கிற்று. அதன் எச்சரிக்கை முறைக்கு ‘ஸேப்டிகாஸ்ட்’ என்று பெயர்.

வழிகள் பெருகுதல் நன்மையே. எனினும், ஒவ்வொரு வழி பெருகுந்தோறும் இணைப்பதிகாரியின் சுமையும் பெருகுகின்றது. ஒரு கப்பலில் ஒரு கருவியும் மற்றொன்றில் வேறு கருவியும் இருத்தலின், ஒரே எச்சரிக்கையை எல்லா வழிகளிலும் விடுத்தல் வேண்டும். விடுத்தபின், தாம் விடுத்தது உள்ளபடியே வானத்தினின்று திரும்பி வருகின்றதா என்று தாமே ஒரு கருவி வைத்துக் கேட்டல் வேண்டும். இவ்விதி மிகவும் சிந்திக்கத்தக்கது. ‘யான் அனுப்பிவிட்டேன்’ என்பது அவர்க்கு விடையாகாது. ‘அது சென்றதைக் கண்டேன்’ என்பதே விடையாகும்.

இவ்வளவு சென்றபின்னும் ஒரு படி எஞ்சி நிற்கின்றது. 2002-ஆம் ஆண்டு டிசம்பர் மாதம் 14-ஆம் தேதி விடியுமுன், ஆங்கிலக் கால்வாயின் கிழக்குப் பகுதியில், மூடுபனியினூடே ‘ட்ரைகலர்’ என்னும் நார்வே நாட்டுக் கப்பல், ‘கரீபா’ என்னும் கப்பலோடு மோதி மூழ்கிற்று. அதில் 2800-க்கு மேற்பட்ட மோட்டார் வண்டிகள் இருந்தன. மாலுமிகள் அனைவரும் உயிர் தப்பினர். கப்பலோ ஒருபக்கமாய்ச் சாய்ந்து, நீர்மட்டத்துக்குச் சற்றே கீழே கிடந்தது. அவ்விடம் உலகிலேயே கப்பற் போக்குவரவு மிகுந்த வழிகளுள் ஒன்று. எச்சரிக்கைகள் விடுக்கப்பட்டன, காவற் கப்பலும் நின்றது. ஆயினும் 16-ஆம் தேதியே ‘நிக்கோலா’ என்னுங் கப்பல் அதன்மேல் ஏறிற்று. அதன்பின் காவற் கப்பல்களும் மிதவைகளும் மிகுவிக்கப்பட்டன. எச்சரிக்கைகள் மீண்டும் மீண்டும் ஒலிபரப்பப்பட்டன. இத்தனையுங் கடந்து, 2003-ஆம் ஆண்டு ஜனவரி மாதம் முதல் தேதியன்று, எண்ணெய் ஏற்றிவந்த ‘விக்கி’ என்னும் பெருங்கப்பல் அதே சிதைவின்மேல் மோதிற்று.

தொண்ணூறு ஆண்டுகளுக்கு முன் ‘டைட்டானிக்’ அழிந்தபோது ஒழுங்கு இல்லை. இப்பொழுதோ ஒழுங்கு இருந்தது. சட்டமும், பிரிவும், இணைப்பதிகாரியும், ஒலிபரப்பும் இருந்தன. செய்தி கப்பல்வரை சென்றது. வழியை மாற்றுங் கையளவிற் செல்லவில்லை. எச்சரிக்கை என்பது ஒரு சங்கிலி. கண்டவர், ஆராய்ந்தவர், அனுப்பியவர், பெற்றவர் என அதன் கண்ணிகள் பல. கடைசிக் கண்ணியாகிய அதிகாரி அதனைப் படித்துக் கடற்படத்திற் குறித்துத் தம் வழியோடு ஒப்பிட்டுப் பார்த்தாலன்றி, முன்னையோர் உழைப்பெல்லாம் அச்சிட்ட காகிதமாகவே நின்றுவிடும். இந்நிகழ்ச்சியின் பயனாகவே, புதிதாக மூழ்கிய கப்பலைக் குறிக்க நீலமும் மஞ்சளும் மாறிமாறி ஒளிரும் தனி மிதவையொன்று 2006-ஆம் ஆண்டில் வகுக்கப்பெற்றது. காதுக்குச் சொன்னதைக் கண்ணுக்குஞ் சொல்லவேண்டும் என்பது அனுபவத்தாற் கற்ற பாடம்.

கடைசிக் கண்ணி தளர்வதற்கு அதிகாரியின் அசட்டையே காரணம் என்று சொல்லிவிடுதல் எளிது, முற்றும் நியாயமாகாது. நள்ளிரவிற் காவல் முறையில் நிற்கும் ஒருவர்முன், தம் வழிக்குச் சம்பந்தமில்லாத செய்திகள் ஐம்பது வந்து குவிந்தால், ஐம்பத்தொன்றாவதாக வருந் தமக்குரிய செய்தியையும் அவற்றோடு சேர்த்து ஒதுக்கிவிடல் மனித இயல்பு. வேண்டாத எச்சரிக்கை தீங்குமாம் என்று முன்னர்ச் சொன்னது இதுபற்றியே. ஆதலின் எதைச் சொல்லாமல் விடுவது என்பதும் இணைப்பதிகாரி அறியவேண்டிய கலையாகும். அதனினும் முக்கியம், சொன்னதைத் திரும்பப் பெறுதல். விளக்கு மீண்டும் எரியத் தொடங்கியவுடனே, மூழ்கிய கப்பல் எடுக்கப்பட்டவுடனே, அதனைப்பற்றிய எச்சரிக்கையை நீக்கும் செய்தியும் செல்லல் வேண்டும். கழிந்த அபாயத்தைக் கூவிக்கொண்டேயிருக்கும் குரலை, மெய்யான அபாயம் வருங்காலத்தில் எவரும் நம்பார்.

இக்குறையைப் போக்க இப்பொழுது ஒரு புதுமுயற்சி நடந்துவருகின்றது. இன்று பெருங்கப்பல்களிற் கடற்படம் மின்திரையிலே காட்டப்படுகின்றது. எச்சரிக்கையோ பெரும்பாலும் எழுத்தாகவே வருதலின், அதிகாரி அதனைப் படித்து, எண்களை நோக்கி, உரிய இடத்திற் குறித்தல் வேண்டியிருக்கின்றது. ஓரிலக்கம் மாறினும் அபாயம் பல மைல் தள்ளிப்போய்விடும். சர்வதேச நீரளவை ஸ்தாபனத்தார் வகுத்துள்ள எஸ்-124 என்னும் நியமத்தின்படி அமைந்த செய்தி, திரையிலுள்ள படத்தின்மேல் தனக்குரிய இடத்திலே தானே வந்து தோன்றும். நீக்கப்பட்டவுடன் தானே மறையும். இது பரவிவிட்டால் அதிகாரியின் உழைப்புக் குறையும், பிழையுங் குறையும். ஆயினும் திரையை நோக்கவேண்டிய கண்ணும், வழியை மாற்றத் துணியும் மனமும் அவருடையனவே. அவற்றுக்கு மாற்றாக ஒரு கருவி அமையும் என்று நாம் எண்ணவில்லை.

இவ்வூழியத்திற் புகழ் இல்லை. ஒரு கப்பல் பாறையில் மோதினால் உலகமெங்கும் பத்திரிகைகள் எழுதுகின்றன. எச்சரிக்கையைப் படித்து இரண்டு பாகை திரும்பி, இடர் ஒன்றுமின்றித் துறைமுகஞ் சேர்ந்த கப்பலைப்பற்றி எழுதுவார் இலர். அதிலிருந்தவர்க்கே தாம் தப்பியது தெரியாது. டேராடூனிலோ, வேறொரு நாட்டின் நகரிலோ, அச்செய்தியை ஆராய்ந்து, எண்ணிட்டு, அனுப்பி, அது சென்றதைக் கேட்டறிந்து, உரிய நாளில் நீக்கியவர்க்கும், தாம் காத்த உயிர்கள் எத்தனை என்பது ஒருகாலும் தெரியாது. இன்னார் பயன்பெறுவர் என்று அறியாமலே, நாட்டெல்லை நோக்காமலே, பெறுவோரிடம் விலையும் கேளாமலே இத்தொழில் இரவும் பகலும் நடைபெறுகின்றது. நம் பழைய மாணவருட் கடற்றொழிலை மேற்கொண்டார் இருப்பின், அவர்கள் இதனை நம்மினும் நன்கறிவர். ஏனையோராகிய நாம், நம் இல்லங்களுக்குக் கடல் கடந்து வந்து சேரும் பண்டங்களைக் கையில் எடுக்குந்தோறும், அவற்றைச் சுமந்துவந்த கலத்துக்கு முன்னே இத்தகைய செய்தி ஒன்று சென்று வழிகாட்டியிருக்கக்கூடும் என்பதனை நினைவிற் கொள்வோமாக.